தகரம் தட்டும் கை

வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. குரல் முடிந்துவிட்டது.

அக்கா அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள். திரை முழுக்கத் தகரக் கடைக்காரியின் முகம். குனிந்து வேலை செய்துகொண்டே மகனிடம் பேசுகிறாள். கையும் சுத்தியலும் திரைக்கு வெளியே, சத்தம் மட்டும் டக், டக் என்று உள்ளே வருகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு சொல்லும் உதட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "போறதுன்னா கதவைச் சாத்திட்டுப் போ" என்கிறாள், உதடும் அதையேதான் சொல்கிறது. பாதியில் குரல் மயிரிழை முந்துகிறது. கடைசி வரிக்கு வரும்போது பேச்சு முடிந்து அமைதி விழுந்துவிட, அந்த அம்மாள் மட்டும் கண்ணாடித் தொட்டி மீன் போல வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறாள்.

இதே படத்தில் பேருந்துக் காட்சி சரியாக இருக்கிறது. சமையலறைக் காட்சியும் அப்படியே. எல்லாவற்றையும்விட நீளமான மருத்துவமனைக் காட்சி கல்லில் செதுக்கின மாதிரி நிற்கிறது. நழுவுவது தகரக் கடை மட்டும்.

ஒலி நழுவினால், படங்களுக்கு ஒலி சேர்க்கும் அக்கா முதலில் சந்தேகப்படுவது ஒன்றைத்தான். படம் எடுத்த கேமராவும் ஒலி பிடித்த ரெக்கார்டரும் நொடியை வேறு வேறு விதமாக எண்ணியிருக்கும். இரண்டு கடிகாரங்களில் ஒன்று துளி வேகமாக ஓடினால் காலையில் தெரியாது, சாயங்காலம் தெரியும். அப்படித்தான். ஆனால் அந்த நோய் வந்தால் படம் முழுக்க வரவேண்டும். காய்ச்சல் உடம்பெல்லாம் காயும், இடது சுண்டுவிரலில் மட்டும் காயுமா? ஒரே கேமரா, ஒரே ரெக்கார்டர். நொடிக்கணக்கு அமைப்புகளை மூன்று தரம் பார்த்துவிட்டாள். எல்லாம் சுத்தம்.

நாலு மணிக்கு டைரக்டர் வருகிறாள்.

போன வாரம் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஊரிலிருந்து திரும்பிய அக்காவிடம் தம்பி "குழந்தை எப்படி இருக்கு" என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, உள்ள போய்ப் பாரு, அசந்துருவ" என்றான். போய்ப் பார்த்தாள். அசந்துதான் போனாள். வீட்டின் கீழ்த்தளத்தில் சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய அந்த அறையில் நாற்காலி அவளுடையது, ஸ்பீக்கர்கள் அவளுடையவை, திரையில் மட்டும் யாருடையதோ புது மென்பொருள். கல்யாணப் பந்தல் மாதிரி கலர் கலராக இருந்தது. அவளுடைய பழைய மென்பொருளைத் திறக்க ஒரு சின்னச் சாவி உண்டு. கட்டைவிரல் நீளத்தில் நீல நிறம், கணினியின் பக்கவாட்டில் செருகினால்தான் மென்பொருள் கண்ணைத் திறக்கும். செருகும் இடம் காலியாக இருந்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளும் தம்பியும் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

போன் அடித்தது. டைரக்டர்.

"மேடம், நாலு மணிக்குக் கண்டிப்பா வந்துடறேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. சார் எல்லாத்தையும் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"புது சாஃப்ட்வேர் உங்களுக்குப் பிடிபடலை, அதான் உதடு ஒட்ட மாட்டேங்குதுனு. வயசானா புதுசு பழகுறது கஷ்டம்தானே. எங்கம்மா புது போனை இன்னும் டப்பாவுலயே வெச்சிருக்காங்க."

அக்கா காதிலிருந்து போனை எடுத்து ஒரு முறை பார்த்தாள், மறுபடி காதில் வைத்தாள்.

"இன்னும் ஏதாவது சொன்னாரா?"

"இந்த ரீல்கள் மட்டும்தான் உங்க கை, மிச்சத்துக்கு அவரு மச்சான் உக்காருவாருனு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"இப்பத் தெரிஞ்சுதும்மா" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து அறையில் தம்பி படத்தொகுப்பில் இருந்தான். கதவைத் தட்டாமல் போய் அவன் திரைக்கும் முகத்துக்கும் நடுவில் நின்றாள்.

"ஏன்டா, எனக்குப் பிடிபடலையா?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. நான்தான் கடைசியாக் கேள்விப்பட்டேன்."

தம்பிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். "கஸ்டமருக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லணும்லக்கா."

"சொல்லு. மெஷின் படுத்துக்கிச்சுனு சொல்லு. எலி ஒயரைக் கடிச்சிருச்சுனு சொல்லு. எலி என் காதைக் கடிச்சிருச்சுனு ஏன்டா சொல்ற?"

"இப்பதான் வாங்கின சாமான். அதுக்குள்ள கெட்டுப்போச்சுனா எவன் நம்புவான்?"

"ஆமா. இப்ப வாங்கின சாமான் கெடாது. கூடப் பொறந்த அக்காதான் கெட்டுப்போவா."

அவன் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினான்.

"சரி, எதைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்த? அதை மட்டும் சொல்லு."

"மச்சான் சொன்னாரு. இன்னைக்கு எல்லாப் பாட்டும் இதுலதான் பண்றாங்க. பாதி வேலையை அதுவே செஞ்சிருது."

"நாம என்ன பாட்டா பண்றோம்?"

"சத்தம்தானேக்கா. பாட்டும் சத்தம்தான், பேச்சும் சத்தம்தான்."

"செருப்பும் தோல்தான், மேளமும் தோல்தான். மேளத்தைக் காலுல மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போவியா?"

மாடிப்படியில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. தம்பியின் மனைவி. இந்த வீட்டில் அவளுக்குக் 'காலடி' என்று பெயர். திரையில் யார் நடந்தாலும் அந்த நடையின் சத்தத்தைக் கீழறையில் நடந்து பதிவு செய்கிறவள் அவள்தான். மணல், சரளைக்கல், மரப்பலகை என்று தட்டுத் தட்டாக வைத்திருப்பாள். போலீஸ்காரர் நடையும் அவளுடையது, ஓடிப்போகிற திருடன் நடையும் அவளுடையது. தம்பி சொல்லும் மச்சான் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதனால் ஒரு வாரமாக இருபக்கமும் பேச முடியாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என் சாவி எங்கடா?" என்றாள் அக்கா.

"பத்திரமா இருக்கு."

"பத்திரமான இடத்துக்குப் பேர் இருக்குமே?"

தம்பி போனை எடுத்து அதில் ஏதோ முக்கியமாகத் தேட ஆரம்பித்தான். படியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்துக்கு மச்சான் வந்தார். பாட்டுக்கு வாத்தியம் கோர்ப்பவர். நின்றால் கதவில், உட்கார்ந்தால் மேசையில், ஒன்றுமில்லாவிட்டால் சொந்தத் தொடையில் விரல் தட்டிக்கொண்டே இருப்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'தாளம்'தான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தனக்கு ருசிப்பது ஊருக்கெல்லாம் ருசிக்கும் என்று நம்புகிற ஆள்.

"சம்பந்தியம்மா, கத்துக் கொடுக்கலாம்னு வந்தேன்" என்று கீழறைக்கே வந்துவிட்டார். "ஒண்ணுமே கஷ்டமில்லை. மனசைத் திறந்து வெச்சுக்கிட்டாப் போதும்."

"மனசு திறந்துதான் இருக்கு. என் மென்பொருள்தான் பூட்டிக் கிடக்கு."

தாளம் அதைக் காதில் வாங்கவில்லை. "இதுல என்ன குறை? படம் ஓடுது, சத்தம் ஓடுது."

அக்கா இருந்த கோபத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. எதிரி கேட்டாலும் நாற்காலி இழுத்துப்போட்டுச் சொல்லுவாள்.

"இங்க மேல பாருங்க. இந்த அளவுகோல்ல என்ன போட்டிருக்கு? தாளக்கட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாட்டுக்கு அது சரி. படம் தாளத்துல ஓடலை. நொடிக்கு இருபத்துநாலு சட்டமா, அதான் ஃப்ரேமா, ஓடுது. கதவு சாத்துற சத்தம் எந்தச் சட்டத்துல விழணும்னு எனக்குத் தெரியணும். டைரக்டர் நடுவுல ரெண்டு ஷாட்டை வெட்டிட்டு வந்தா, அந்த வெட்டைப் பார்த்து என் சத்தமெல்லாம் தானா நகர்ந்து ஒட்டணும். இதுல ஒவ்வொண்ணா நான் கையால தள்ளணும். கடைசியில பேச்சு தனியா, ஓசை தனியா, இசை தனியாக் கொடுக்கணும், நாளைக்கு வேற பாஷையில பேச்சை மட்டும் மாத்துவாங்க. படத்துக்கு மென்பொருள் வாங்குறவன் கேக்க வேண்டியது இதையெல்லாம். நீங்க கேட்டது, கலர் நல்லா இருக்கா."

"எல்லாம் பழகிட்டா..."

"தையல்காரருக்குத் தராசு கொடுத்துட்டுப் பழகிக்கோன்னா எப்படிங்க? தராசு நல்ல தராசுதான். சட்டையை நிறுத்தா தைக்க முடியும்?"

தாளம் சிரித்துக்கொண்டே சமாதானமாக, "சரி, எங்கதான் நழுவுது? போடுங்க பார்ப்போம்" என்றார்.

அவள் தகரக் கடைக் காட்சியை ஓட விட்டாள். காலடியும் வந்து சரளைக்கல் தட்டில் ஏறி நின்றாள். கடையை விட்டு மகன் போகும் நடையை எப்படியும் அவள் இன்று மறுபதிவு செய்யவேண்டும். டக், டக், டக். தாளத்தின் விரல் தானாக மேசைக்குப் போய்விட்டது. அந்த அம்மாளின் சுத்தியலோடு சேர்ந்து தட்டினார். தலை ஆடியது. காட்சி முடிந்தபோது வாய் அசைவதையும் குரல் நின்றதையும் அவர் பார்க்கவே இல்லை.

"என்ன கை சம்பந்தியம்மா அது. இம்மி பிசகலை. எங்க ஆளுங்க பத்து வருஷம் பயிற்சி எடுத்தாலும் இப்படித் தட்ட மாட்டாங்க."

காலடி சரளைக்கல்லில் நின்றபடியே, "இல்லண்ணா" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோன மாதிரி இருந்தது.

"என்ன இல்ல?"

"அந்தம்மா கை அப்படிப் போகாது. அண்ணி ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, பழைய சாஃப்ட்வேர்ல, நான் இதே காட்சிக்கு நடந்து பார்த்தேன். மகன் எந்திரிச்சதும் அவங்க கை தளரும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இழுக்கும். நானும் அதோட சேர்ந்து நடையை இழுத்தேன். இப்ப இழுக்கவே இல்லையே. மிலிட்டரி மாதிரி போகுது. எனக்குக் காலே வர மாட்டேங்குது."

அக்கா காலடியைப் பார்த்தாள். பிறகு மேசையில் இன்னும் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த தாளத்தின் விரலைப் பார்த்தாள்.

"விரலை எடுக்காதீங்க" என்றாள். "அப்படியே தட்டுங்க."

ஹெட்போனை மாட்டினாள். மென்பொருளைத் தொடவில்லை. படப்பிடிப்பில் பிடித்த மூலப் பதிவை ரெக்கார்டரிலேயே போட்டாள், நேராக, நடுவில் யாருடைய தயவும் இல்லாமல். டக், டக் என்று சுத்தியல் சீராகப் போயிற்று. மகன் எழுந்தான். டக் . . . டக் . . . . டக். கை தளர்ந்தது. கடைசி அடி தகரத்தைத் தொட்டும் தொடாமலும் விழுந்தது. வெளியே தாளத்தின் விரல் அத்தனை அடியையும் எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

மூலப் பதிவின் நீளத்தைப் பார்த்தாள், திரையில் உள்ளதன் நீளத்தைப் பார்த்தாள். திரையில் இருந்தது குட்டை.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. புதிர் அவிழ்ந்தால் யாருக்கும் வருகிற சந்தோஷம். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. காலையில் தம்பி மேல் வந்ததைவிடப் பெரியது.

இந்த மென்பொருள் பாட்டுக்குப் பிறந்தது. உள்ளே எது வந்தாலும் அதில் தாளம் இருக்கிறதா என்று மோந்து பார்க்கும். பேருந்தில் தாளமில்லை, சமையலறையில் இல்லை, மருத்துவமனையில் இல்லை. அதனால் அவற்றைத் தொடாமல் விட்டது. தகரம் தட்டும் சத்தத்தைக் கேட்டதும் மேளம் என்று முடிவு கட்டிவிட்டது. மேளக்காரர் கை பிந்தினால் தப்பு, தப்பைத் திருத்துவது அதன் தொழில். பிந்திய ஒவ்வொரு அடியையும் முன்னால் இழுத்துத் தன் கட்டத்தில் உட்கார வைத்தது. சுத்தியலும் குரலும் ஒரே மைக்கில் பதிந்தவை. சுத்தியலை இழுத்தபோது குரலும் கூடவே இழுபட்டது. ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் குரல் எலி மாதிரி கீச்சிடும், உடனே காது விழித்துக்கொள்ளும். இது கெட்டிக்கார மென்பொருள். நேரத்தை மட்டும் சுருக்கி, குரலின் தடிமனை அப்படியே வைத்திருந்தது. அதனால்தான் இத்தனை நாள் காதுக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"உங்க மென்பொருள் இந்தம்மாவோட துக்கத்தைத் தப்புனு நினைச்சுத் திருத்தி வெச்சிருக்கு" என்றாள் தாளத்திடம். "மகன் வீட்டை விட்டுப் போறான், பெத்தவ கை தளருது. அது நடிப்பு. யாரைக் கேட்டு நிமிர்த்துச்சு?"

தாளத்தின் விரல் மேசையிலிருந்து இறங்கியது. அவர் அந்த அறைக்குள் விரல் தட்டாமல் இருந்ததைக் காலடியே அன்றுதான் பார்த்தாள்.

நாலு மணிக்கு டைரக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தம்பி அவளுக்கு முன்னால் ஓடிவந்து, "இன்னும் கொஞ்சம் டைம் கொடுத்தா மச்சான் சரி பண்ணிடுவாரு" என்று ஆரம்பித்தான்.

"உக்காரும்மா" என்றாள் அக்கா.

காட்சி ஓடியது. சொல்லும் உதடும் கடைசி வரை கைகோர்த்துப் போயின. மகன் எழுந்தான். டக் . . . டக் . . . . வாய் மூடிய அதே சட்டத்தில் குரலும் முடிந்தது. பிறகு அந்த ஒற்றை அடி, தொட்டும் தொடாமலும்.

டைரக்டர் ஹெல்மெட்டை மடியில் இறக்கி வைத்தாள். "போன தடவை இதைப் பார்த்துட்டு, நான்தான் தப்பா எடுத்துட்டேனோனு நினைச்சேன் மேடம்" என்றாள். "இந்தத் தளர்ச்சிக்காகத்தான் அவங்க ஒரு மாசம் தகரக் கடையில போய் உக்காந்தாங்க. எங்க போயிருந்துச்சு இது?"

"அதை உங்க சாரைக் கேளுங்க."

தம்பி செருமினான். "செட்டிங்ல ஒரு சின்னத் தப்பு."

"யாரு வெச்ச செட்டிங்?" என்றாள் அக்கா.

"மென்பொருள்லயே அப்படி வருது."

"அந்த மென்பொருளை யாரு கொண்டுவந்தது?"

"நான்தான்."

"இவங்ககிட்ட நீ யார் மேல தப்புனு சொன்ன?"

தம்பி நிலைப்படியைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான், பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் டைரக்டரைப் பார்த்தான். "அக்கா மேல தப்பில்லை. நான் சொன்னது தப்பு."

"அப்ப மிச்ச ரீலும் மேடம்தானே?" என்றாள் டைரக்டர்.

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் தாளம் சொன்னார். "அவங்கதான். நான் பாட்டைப் பார்த்துக்கறேன்." நல்ல மனிதர்தான் என்று அக்காவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. முழுதாக நம்பவும் முடியவில்லை.

டைரக்டர் போன பிறகு அவள் தம்பியை நிறுத்தினாள். "படத்துக்கு என் பழைய மென்பொருள். பாட்டுக்கு இது இருக்கட்டும், நல்ல சாமான், எனக்கு அதோட சண்டை இல்லை. சாவியைக் கொண்டா."

"அக்கா, அது..."

"வீட்டுல இருக்கா, இல்லையா?"

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காலடி "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று மாடிப்படி ஏறினாள்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, கேட்டாள். அவள் வேலை அதுதானே. இத்தனை வருஷத்தில் காலடியின் நடையை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறாள், அவள் வீட்டுப் படி ஏறும் நடையும் தெரியும். இது அது இல்லை. நுனிக்காலால், ஒவ்வொரு படியிலும் எடையை நிறுத்தி நிறுத்தி வைக்கிற நடை. இருட்டு வீட்டில் எதையோ ஒளிக்கப் போகிறவளுக்காக ஒரு படத்தில் அவளே நடந்து கொடுத்தது.

பால் பொங்கும் வாசனை எதுவும் வரவில்லை.

சாவி அவளிடமா என்று கேட்கலாம். இன்றைக்கே கேட்டால், தனக்காக இன்று வாயைத் திறந்த ஒரே ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகும். அக்கா கீழறைக்குத் திரும்பினாள். இன்னும் ஐந்து தகரக் கடைக் காட்சிகள் பாக்கி. சாவி கிடைக்கும் வரை இந்தக் கலர்ப் பந்தலில்தான் உட்காரவேண்டும். நாளைக்கே தம்பியோ மச்சானோ அவளுக்குத் தெரியாமல் இந்த நாற்காலியில் உட்காரலாம்.

ஒரு காகிதத்தை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டினாள்:

'படத்துக்கான எந்தச் சத்தத்தையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன், அமைப்புகளில் "தாளத்தைக் கண்டுபிடித்துப் பொருத்து" என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடவும். முன்பே உள்ளே வந்தவற்றை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். அழித்துவிட்டு, மூலப் பதிவை மறுபடி கொண்டுவந்து, இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். ஒன்றாக இருந்தால் உதடு ஒட்டும்.'